சாய்ந்தால் நகராத டேபிள்

இப்போது பால் ஸ்க்ரூ பெட்டியில் வருகிறது. நுனி கடைந்து, நட்டு மாட்டி, பேரிங்கும் சேர்த்து, எண்ணெய்க் காகிதம் சுற்றி வருகிறது. போன் செய்தால் போதும். எங்கள் பழைய கம்பெனியில் இப்போது வேலை செய்கிறவர்கள் என்னைக் கூப்பிட்டு, "கனியண்ணே, ஸ்க்ரூ எடுக்கிறதுக்கு நீங்க என்ன பார்ப்பீங்க? எழுதிக் குடுங்க, தமிழ்ச் சங்க மலர்ல போடலாம்" என்றார்கள். கணக்கெல்லாம் ஸ்க்ரூ விற்கிறவன் தரும் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் ஒரே ஒரு மெஷினைப் பற்றி எழுதுகிறேன்.

தொழில் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் முதலில் கொஞ்சம்.

மில்லிங் மெஷினில் இரும்பை டேபிள் மேல் இறுக்கி வைப்போம். மேலே கட்டர் சுற்றும். கைப்பிடியைச் சுற்றினால் டேபிள் நகரும். ஒரு கைப்பிடிக்கு இடம் வலம். இன்னொன்றுக்கு முன்னும் பின்னும், அதைக் குறுக்கு என்போம். கைப்பிடிக்கும் டேபிளுக்கும் நடுவில் ஒரு ஸ்க்ரூ. பழைய ஸ்க்ரூ வெண்கல நட்டுக்குள் உரசிக்கொண்டு ஓடும். உரசித் தேயும். தேய்ந்தால் ஆட்டம் வந்துவிடும். கைப்பிடி கொஞ்சம் சுற்றிய பிறகுதான் டேபிள் கிளம்பும். கையால் ஓட்டுகிறவன் அதை உணர்ந்து சமாளிப்பான். கம்ப்யூட்டர் சமாளிக்காது. ஆகவே கம்ப்யூட்டர் வைக்கும்போது பழைய ஸ்க்ரூவை எடுத்துவிட்டு பால் ஸ்க்ரூ போடுவோம். பால் என்றால் குண்டு; நட்டுக்குள் சின்னக் குண்டுகள் உருளும். உரசல் இல்லை, ஆட்டமும் இல்லை.

இன்னொரு வித்தியாசம் உண்டு. பழைய ஸ்க்ரூ மாட்டிய டேபிளை என்ன தள்ளினாலும் நகராது. கைப்பிடியைச் சுற்றினால்தான் நகரும். பால் ஸ்க்ரூ அப்படி இல்லை. டேபிளைத் தள்ளினால் ஸ்க்ரூ தானே சுற்றிக்கொண்டு வழி விடும். கரண்டு இருக்கும்வரை மோட்டார் பிடித்து வைக்கும். கரண்டு போனால் பிடி இல்லை. கட்டரோடு மேலும் கீழும் போகிற தலை என்றால் விழுந்துவிடும் என்று அதற்கு பிரேக் வைப்போம். படுக்கையாக ஓடும் டேபிளுக்கு யாரும் வைப்பதில்லை. நாங்களும் வைக்கவில்லை.

நான் ஆறாவது வரை படித்தவன். மட்டாஞ்சேரியில், வெளியே மலையாளமும் வீட்டில் தமிழும் பேசும் ராவுத்தர் குடும்பம். லேத்தில் தொடங்கி பிட்டர் ஆனேன். பிறகு வெலிங்டன் தீவில் ஒரு சின்னக் கம்பெனி. கை மெஷின்களைக் கம்ப்யூட்டர் மெஷின் ஆக்குவது அங்கே வேலை. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

போர்மேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழனிச்சாமி என்று பெயர். கோயம்புத்தூர்க்காரர். சாமியண்ணன் என்போம். குள்ளமான ஆள். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். யாரிடமும் 'ங்க' போடாமல் பேசமாட்டார். இறுகிப்போன நட்டிடம்கூட, "ஏனுங்க, என்ன கோபமுங்க உங்களுக்கு?" என்று கேட்பார். ஒரு தடவை வைப்பின் தீவில் ஐஸ் பேக்டரி ஒன்றில் எங்கள் ஜோபி, புது நட்டை ஸ்க்ரூவிலிருந்து அப்படியே கழற்றி எடுத்துவிட்டான். குழாய் வைத்துத்தான் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் குண்டுகள் கொட்டிவிடும். கொட்டின. தரையில் ஐஸ் தண்ணீர். எல்லாம் உருண்டு சாக்கடை வழியே காயலுக்குப் போயின. சாமியண்ணன் குனிந்து பார்த்தார்.

"சரிங்க ஜோபி," என்றார். "மீனுங்க இன்னைக்கு ஸ்மூத்தா ஓடும்."

அவ்வளவுதான். ஜோபி அதன் பிறகு அந்தத் தப்பைச் செய்யவில்லை.

சாமியண்ணனிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மெஷினானாலும், அளவு டேப்பை எடுக்கும் முன், சொந்தக்காரரை வழக்கமான வேலை ஒன்றை ஓட்டச் சொல்வார். தானொரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். பேச மாட்டார். டேபிள் எந்த இடத்தில் அதிகம் ஓடுகிறது, எங்கே கை தயங்குகிறது, எவ்வளவு கனமாக வெட்டுகிறார், எல்லாம் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூவின் கனம், ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகர வேண்டும், ஒற்றை நட்டா இரட்டை நட்டா என்று முடிவு. ஆர்டர் சொல்லும்போதும் மெஷின் பக்கத்தில் நின்றுதான் போன் பேசுவார். எனக்குத் தெரிந்து அந்த வழக்கம் அவரை ஏமாற்றியது ஒரே இடத்தில். ஹனீபா இக்காவின் பட்டறையில்.

இக்காவின் பட்டறை மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் பின்னால் சந்தில். கடல் ஏறும் நாட்களில் காயல் தண்ணீர் உள்ளே வரும். அதனால் மெஷின் சிமெண்ட் மேடையில் நின்றது. முன்னால் நிற்பதற்குப் பலகை. மீன் படகுகளுக்குச் சாமான் செய்வார். ப்ரொப்பெல்லர் தண்டில் ஆப்பு உட்காரும் சாவிக் குழி வெட்டுவது, வலை இழுக்கும் விஞ்சுக்குத் தகடு, வட்டத் தட்டான பிளேஞ்ச். ஒற்றை ஆள். வாதம் வந்து வலது கையும் வலது காலும் தளர்ந்துவிட்டன. பேச்சுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. வலது கை இல்லாமல் கைப்பிடி சுற்ற முடியாது. கம்ப்யூட்டர் வைத்தால் இடது கையில் பட்டன் அழுத்தி ஓட்டலாம் என்று அவரே நினைத்து எங்களைக் கூப்பிட்டார்.

நாங்கள் போன அன்று அவர் மெஷின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். மனைவி ஐஷா இத்தா பின்னால் நின்றிருந்தார். இக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன், இத்தா என்றால் அக்கா.

"ஒரு வேலை ஓட்டிக் காட்டுங்க இக்கா," என்றார் சாமியண்ணன்.

"எந்தா களியாக்குறீங்களா? கை தொங்குறது கண்ணுல படலையா?"

"படுதுங்க. ஆனா பார்க்காம ஸ்க்ரூ சொல்ல மாட்டனுங்க."

"நான் சுத்துறேன்," என்றார் இத்தா. "நீங்க சொல்லுங்க."

"உனக்கு ஆட்டுரல் சுத்தத்தான் தெரியும்."

"அது சுத்தித்தான் உங்களுக்கு இந்த வயிறு. சொல்லுங்க."

இத்தா முக்காட்டை இறுக்கிக்கொண்டு பலகையில் ஏறினார். இக்கா நாற்காலியிலிருந்து சொன்னார். "வலத்தே. இன்னும். மதி. மதின்னா நிறுத்தணும் பெண்ணே!"

"நான் நிறுத்தியாச்சு. உங்க மெஷின்தான் நிக்கல."

"அது ஆட்டம். திரும்ப ஒரு சுத்து பின்னால எடுத்துட்டு வா. அதான் வித்தை."

"இதெல்லாம் நிக்காஹ் அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

இக்காவைத் தவிர எல்லோரும் சிரித்தோம். ஒரு சாவிக் குழி வெட்டினார்கள். சாமியண்ணன் பெட்டியில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். பிறகு அளந்தார். பிறகு அங்கேயே நின்று போன் பேசினார். உருட்டி எடுத்த ஸ்க்ரூ போதும், தேய்த்து எடுத்தது வேண்டாம். ஒரு சுற்றுக்கு ஐந்து மில்லி. இரட்டை நட்டு. உப்புக் காற்று, அதனால் நட்டின் இரண்டு வாயிலும் துடைப்பான், மேலே மடிப்புத் துணி உறை. எல்லாம் சரியாகத்தான் சொன்னார்.

சாயா கொடுக்கும்போது இத்தா எங்களிடம் மெதுவாகப் பேசினார். "ஷார்ஜாவுல இருக்கிற மகன் மெஷினை வித்துடச் சொல்றான். களமசேரியிலேர்ந்து ஆள் வந்து பார்த்துட்டும் போயாச்சு. இது சரியா வந்தா வைக்கிறது, வரலைன்னா கொடுக்கிறது. அப்படித்தான் பேச்சு."

"குடுத்துட்டா இக்கா என்ன செய்வாருங்க?"

"சுவரைப் பார்ப்பார்."

டம்ளர்களை எடுத்துக்கொண்டே அவரே சொன்னார். "நான் நேரா தூங்கி எத்தனையோ மாசம் ஆச்சு. கண் மூடினா இவர் எழும்பி இங்க வந்துடுவாரோன்னு பயம். ஒரு தடவை வந்துட்டார். சந்துல விழுந்து கிடந்தார். பால்காரன்தான் பார்த்துச் சொன்னான்."

ஸ்க்ரூ வந்தது. மாட்டினோம்.

மாட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், கேட்டவர்களுக்காக. ஸ்க்ரூவின் ஒரு நுனி ஜோடி பேரிங்கில் இறுக்கமாக நிற்கும். மறு நுனியைச் சும்மா தாங்கினால் போதும். ஓடி ஓடிச் சூடேறினால் ஸ்க்ரூ நீளும், அதற்கு இடம் விட வேண்டும். இம்மி விலகினாலும் முள் காட்டும் டயல் கேஜை வைத்து, ஸ்க்ரூவின் மேலேயும் பக்கத்திலும் ஓட்டிப் பார்ப்போம். முள் ஓடினால் பேரிங் உட்காரும் கூட்டின் அடியில் மெல்லிய தகடு கொடுப்போம். நட்டின் போல்டுகளை மட்டும் சாமியண்ணன் யாரிடமும் விடமாட்டார். டேபிளைப் பேரிங்குக்கு மிக அருகில் கொண்டுவந்து, போல்டுகளைக் கைத்தளர்வில் விடுவார். நட்டு தனக்கு வசதியான இடத்தில் போய் உட்காரும். அப்புறம் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார். அந்தக் கோடிக்கு ஓட்டிப் பார்ப்பார். எங்காவது ஸ்க்ரூ சுற்றக் கனத்தால், மறுபடி தளர்த்தி மறுபடி இறுக்குவார். நாங்கள் சாயா குடித்துவிட்டு வருவோம், அவர் அங்கேயே இருப்பார்.

முடிந்ததும் இக்காவைக் கூப்பிட்டார். மோட்டார் பெல்ட் இன்னும் மாட்டவில்லை.

"இடது கையைக் குடுங்க இக்கா. ரெண்டு விரல் போதுமுங்க."

இக்கா இரண்டு விரலால் ஸ்க்ரூவின் நுனியைச் சுற்றினார். அத்தனை கனமான டேபிள் சத்தமில்லாமல் உள்ளே போனது. திரும்பச் சுற்றினார். வந்தது. வாதம் வந்த பிறகு அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அப்போதுதான். "வள்ளம் மாதிரி போகுது!" என்றார்.

மறுநாள் மோட்டார் எல்லாம் மாட்டி ஓட்டம். இக்கா நாற்காலியைக் காலால் தள்ளினார்.

"உட்காருங்க," என்றார் இத்தா.

"மெஷின்காரன் உட்கார்ந்தா ஓட்டுவான்? விடு."

இடது காலில் எழுந்து, பலகையில் ஏறி, டேபிளின் முன் விளிம்பில் இடுப்பைச் சாய்த்து நின்றார். நாற்பது வருஷம் அப்படித்தான் நின்றிருக்கிறார் என்று நின்ற விதத்திலேயே தெரிந்தது. காலில் பலம் இருந்தபோது அது வெறும் பழக்கம். இப்போது அந்த விளிம்புதான் அவருக்குக் கால். மோட்டாரில் கரண்டு இருந்தது, டேபிள் நின்றது. பட்டனை அழுத்தினார். ஒரு தடம் வெட்டியது. நன்றாக வெட்டியது.

இக்கா கவனமான ஆள். கட்டருக்குப் பக்கத்தில் கை போகும் முன் மெஷினை நிறுத்துவார். அன்றும் நிறுத்தினார். சிவப்பு பட்டனை அழுத்தி, தடத்தைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தார். சிவப்பு பட்டன் அழுத்தினால் மோட்டாருக்குக் கரண்டு போய்விடும். டேபிள் அவர் இடுப்பை விட்டு நழுவி உள்ளே போனது.

நான் சட்டையைப் பிடித்தேன். சட்டை கிழிந்தது. பலகையில் முழங்கால் அடித்து விழுந்தார்.

"ரப்பே!" என்று இத்தா ஓடி வந்தார்.  தரையில் உட்கார்ந்து முக்காட்டு நுனியால் முழங்கால் ரத்தத்தைத் துடைத்தார். துடைத்து முடித்து எங்களைப் பார்த்தார்.

"மதி," என்றார். "களமசேரிக்குக் கொடுத்துடலாம்."

இக்கா டேபிள் போய் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீவுக்குத் திரும்பும் படகில் சாமியண்ணன் குரல் இறங்கிச் சொன்னார். "அன்னைக்கு நாம பார்த்தது இத்தாவோட வேலைங்க, கனி. இக்கா வேலையப் பார்க்கவே இல்லைங்க. அவர எழுந்து நில்லுங்கன்னு ஒரு வார்த்தை கேட்கலைங்க."

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் நாற்காலியில் இருந்தார். நாற்காலியில் இருப்பவராகவே நாங்கள் நினைத்துவிட்டோம்.

பிறகு வழிகள் யோசித்தோம். டேபிளைப் பூட்டும் நெம்புகோல் மெஷினிலேயே உண்டு. அது வலது பக்கம். வராத கை. பழைய ஸ்க்ரூவையே குறுக்கே திரும்ப மாட்டலாம், டேபிள் நகராது. ஆனால் ஆட்டத்தோடு பிளேஞ்சில் வட்டம் வெட்டினால் முட்டையாக வரும். மெஷின் முன்னால் குழாய்க் கம்பி நட்டுப் பிடிமானம் கொடுக்கலாம் என்றேன். சாமியண்ணன் போனில் இக்காவிடம் கேட்டார். "ஆஸ்பத்திரிக் கம்பி எனக்கு வேண்டா" என்று வைத்துவிட்டார்.

எங்கள் இன்ஜினியர் அனிதா மேடம். சின்ன வயது, எதையும் பொறுமையாகக் கேட்பார். "தலைக்குப் போடுற பிரேக்கைக் குறுக்குக்கும் போடலாமே," என்றார். "கரண்டு இருந்தா விட்டுடும், கரண்டு போனா ஸ்பிரிங் இறுக்கிப் பிடிச்சுக்கும். இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். ஆனா மோட்டார்ல போட்டா நடுவுல பெல்ட் இருக்கு அண்ணே. பெல்ட் அறுந்தா?"

"அறுந்தா இக்கா விழுவாருங்க," என்றார் சாமியண்ணன். "ஸ்க்ரூவுலயே போட்டுருவமுங்க."

ஸ்க்ரூவின் மறு நுனியில் பிரேக் உட்கார வேண்டும் என்றால் வால் நீளமாக வேண்டும். எங்கள் ஸ்க்ரூவில் வால் இல்லை. வேறு ஸ்க்ரூ சொல்ல வேண்டும். முதலில் வாங்கியதை இன்னொரு மெஷினுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மேடமே முதலாளியிடம் பேசினார்.

ஆனால் இத்தா சம்மதிக்க வேண்டுமே. நானும் சாமியண்ணனும் வீட்டுக்குப் போனோம். இத்தா வாசலிலேயே நின்று பேசினார்.

"இனி அவர் விழுந்தா எழும்ப மாட்டார். உங்களுக்கு ஸ்க்ரூ. எனக்கு அவர் ஒருத்தர்தான்."

"நெசமுங்க," என்றார் சாமியண்ணன். "ஒரே ஒரு தடவைங்க இத்தா. மாட்டி முடிச்சதும் இக்காவ ஏத்த மாட்டோம். முதல்ல நீங்க தள்ளிப் பாருங்க. நூலளவு அசைஞ்சாலும் களமசேரிக்கு நானே போன் போடறனுங்க."

உள்ளேயிருந்து இக்காவின் குரல் வந்தது. "அவ தள்ளினா பள்ளிவாசலே அசையும்!"

"நீங்க மிண்டாம இருங்க," என்றார் இத்தா. பிறகு எங்களிடம், "நான் சொல்றதுதான் முடிவு. அப்படின்னா செய்யுங்க."

புது ஸ்க்ரூ வந்தது. மறுபடி அதே வேலை. அதே டயல் கேஜ், தகடு, போல்டு. இந்தத் தடவை சாமியண்ணன் இன்னும் மெதுவாகச் செய்தார். மறு நுனி பேரிங்குக்கு அப்பால் பிரேக். அதைப் பிடிக்கும் தகட்டை நான் செய்தேன். ஸ்க்ரூ நீண்டால் முட்டாதபடி உள்ளே வழுக்கி ஓடுகிற மாதிரி வைத்தோம்.

முடிந்ததும் சிவப்பு பட்டனை அழுத்தினோம். டக் என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தது. முதலில் சாமியண்ணன் பலகையில் ஏறி இடுப்பைக் கொடுத்துச் சாய்ந்தார். நகரவில்லை. என்னை ஏற்றினார். நான் கனமான ஆள். நகரவில்லை. பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றிவிட்டுச் சாய்ந்தோம். நகரவில்லை.

"வாங்க இத்தா."

இத்தா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். இரண்டு கையையும் டேபிள் விளிம்பில் வைத்துத் தள்ளினார். முதலில் சும்மா தள்ளினார். அப்புறம் பல்லைக் கடித்துத் தள்ளினார். அப்புறம் தோளைக் கொடுத்து, ஒரு காலைப் பின்னால் ஊன்றித் தள்ளினார். முகம் சிவந்துவிட்டது. அது டேபிளைத் தள்ளுகிற தள்ளல் மாதிரி இல்லை. நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம். டேபிளில் சாமியண்ணன் நிறுத்தியிருந்த டயல் கேஜின் முள் இம்மி அசைந்து, திரும்பித் தன் இடத்துக்கே வந்தது.

இத்தா நிறுத்தினார். மூச்சு வாங்கியது. டேபிளை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார், மாட்டைத் தட்டுகிற மாதிரி.

"ஏறுங்க," என்றார் இக்காவிடம்.

பெல்ட்டைத் திரும்ப மாட்டினோம். இக்கா ஏறினார். இத்தா பின்னாலேயே நின்று அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். இக்கா சாய்ந்தார். சிவப்பு பட்டனை அழுத்தினார். டக். டேபிள் அங்கேயே இருந்தது. இன்னும் சாய்ந்தார். முழு உடம்பையும் கொடுத்துச் சாய்ந்தார். பிறகு, "பிடி விடு," என்றார்.

"விடமாட்டேன்."

"ஐஷா. விடு."

இத்தா விட்டார். கொஞ்ச நேரம் கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார். பிறகு இறங்கினார்.

அன்று வெட்டியது ஒரு வைப்பின் படகுக்கு விஞ்சுத் தகடு. சுற்றிலும் நீள வட்டமாகத் தடம். இக்கா இடது கையால் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். எங்களைத் தொடவிடவில்லை. கட்டர் இறங்கியது. மோட்டார்கள் ஒரே சுருதியில் ஓடின. டேபிள் போய் வந்தது. இக்கா சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் திரும்பியபோது இத்தா சுவரோரம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிவிட்டார். பட்டப்பகல், அத்தனை சத்தம், தூங்கிவிட்டார்.

சாமியண்ணனின் கையைத் தொட்டுக் காட்டினேன். இக்காவும் பார்த்தார்.

வேலை முடிந்தது. கட்டர் மேலே ஏறி நின்றது. சத்தம் அடங்கியதும் இத்தாவின் தலை அசைந்தது. கண் திறக்கப் போகிறார் என்று தோன்றியது. இக்கா சட்டென்று பச்சை பட்டனை அழுத்தினார். கட்டர் மறுபடி சுற்றத் தொடங்கி, இறங்கி, வெட்டி முடித்த அதே தடத்தில் ஓடியது. வெட்ட அங்கே ஒன்றும் மிச்சமில்லை. வெறுமனே ஓடியது. இத்தா தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு தூக்கத்தைத் தொடர்ந்தார்.

சாமியண்ணன் மெஷின் சும்மா ஓடினால் பொறுக்காதவர். இக்கா அவரைப் பார்த்தார். திட்டு வரும் என்று நினைத்தாரோ என்னவோ.

சாமியண்ணன் டேபிள் மேல் உள்ளங்கையை வைத்து, அது போய் வருவதைக் கொஞ்ச நேரம் உணர்ந்து பார்த்தார்.

"ஓடட்டுங்க," என்றார், மெதுவாக. "புது ஸ்க்ரூ. பழகட்டுமுங்க."

நாங்கள் சாமான்களைச் சத்தமில்லாமல் பெட்டியில் வைத்தோம். ஸ்பானரை ஸ்பானர் மேல் வைக்காமல் நடுவில் துணி கொடுத்து வைத்தோம். இக்கா சாய்ந்தபடியே நின்றார். தடம் முடியும்போதெல்லாம், கட்டர் நிற்கும் முன், பச்சை பட்டனை அழுத்தினார்.